பூங்கா, உடற்தகுதிப் பட்டம் என்று கொழும்பில் காசு கட்டப் போகிறவர்கள் இதை வாசியுங்கள்

ஏ/எல் ரிசல்ட்ஸ் வந்த கையோடு காலி வீதியில் தொங்குகிற கெம்பஸ் பேனர்களில் 'பூங்கா, பொழுதுபோக்கு, உடற்தகுதி முகாமைத்துவ இளமாணி' என்று ஒன்றைக் கண்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் நான் அதற்குத்தான் சேர்ந்தேன். காசு திருப்பி எடுக்கிற அலுவல் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

வெளிநாட்டுப் பட்டம், சனி ஞாயிறு காலை மட்டும் வகுப்பு, ஒன்றரை வருடத்தில் முடியும் என்றார்கள். அரச அங்கீகாரம் இருக்கிறதா மிஸ் என்று கேட்டேன். "என்ன தம்பி, சுவரிலேயே மாட்டியிருக்கிறோமே" என்று கண்ணாடி போட்ட பத்திரம் ஒன்றைக் காட்டினார். அது மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கொடுப்பது. டிப்ளோமா, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மாதிரியான தொழிற்பயிற்சிகளோடு சம்பந்தப்பட்டது அது, பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளூர்த் தனியார் நிறுவனம் ஒன்று தானே பட்டம் கொடுப்பதென்றால் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி அதற்குத் தனி அங்கீகாரம் வேண்டும், அதுவும் ஒவ்வொரு பட்டத்துக்கும். இது அந்த மிஸ்ஸுக்குத் தெரியாமலா இருக்கும்?

படிப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். 'உடற்தொழிலியல் ஆய்வுகூடம்' என்ற அறையில் ஒரு ட்ரெட்மில், பிளக் இல்லை, பெல்ட்டின் மேல் அடுத்த பேட்ச்சுக்கான துண்டுப்பிரசுரக் கட்டுகள். தோல்மடிப்பை அளந்து உடற்கொழுப்பைக் கணக்கிடுகிற கலிப்பர் ஒன்று இருந்தது, அதன் ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டது, ஆளுக்கு ஆள் கிள்ளிப் பார்த்து மனதுக்குப் பட்ட மில்லிமீற்றரை எழுதிக் கொடுத்தோம், எல்லாருக்கும் 'ஏ' வந்தது! பூங்காத் திட்டமிடல் என்ற பாடத்துக்கு விகாரமகாதேவி பூங்காவில் படம் எடுத்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். டைம்டேபிளில் இருந்த பெத்தகான ஈரநிலப் பூங்காப் பயணம் கடைசி வரை நடக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மெயில் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இருந்த ஒப்பந்தம் 'புதுப்பிக்கப்படவில்லை', நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் தரப்படும், அது 'பட்டத்துக்கு இணையானது' என்று. யார் இணையாக்கியது? கட்டிய காசைக் கேட்டுப் போனால், தம்பி தம்பி என்று கதைத்த அதே மிஸ் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "நிபந்தனைகளை வாசியுங்கள் சேர்" என்கிறார். அம்மா சீட்டு எடுத்துக் கட்டிய காசு அது.

சேரப் போகிறவர்கள் முதலில் பட்டத்தை யார் கொடுக்கிறார் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த இணையத்தளத்தில் இருக்கிற முகவரிக்கே எழுதி, கொழும்பில் இந்த நிறுவனத்தில் இந்தப் பட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள், நிறுவனம் தருகிற மெயில் முகவரிக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை. கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் இருக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் விசாரியுங்கள். அமெரிக்கப் பட்டம் என்று சொன்னால், அந்த நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே தேடலாம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் சாதாரண இளமாணிக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு (ஹொனர்ஸ்) 120. ஒரு கிரெடிட் என்பது வீட்டில் படிக்கிறதையும் சேர்த்து 50 மணித்தியாலம். 90 கிரெடிட் என்றால் 4500 மணித்தியாலம், அது ஒன்றரை வருடத்துச் சனி ஞாயிறு காலைகளில் எப்படி அடங்கும்?

இந்தத் துறை உண்மையிலேயே பிடித்தவர்கள் இசட் ஸ்கோர் (ஏ/எல் முடிவிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) இடம் கொடுத்தால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பட்டத்தையும் பாருங்கள், அது அரச பல்கலைக்கழகம்.

என்னோடு படித்தவர்கள் யாராவது இதைக் கண்டால் ரசீதுகளையும் அந்த மெயிலையும் அழிக்காமல் வைத்து எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். கொஞ்சப் பேர் சேர்ந்து சட்டத்தரணி ஒருவரிடம் போகப் போகிறோம்.