சுக்ரால்ஃபேட் சிரப்: மருந்தில் குறையில்லை, பாட்டிலில்தான் வம்பு

மண்டபம் ஊர் நண்பர் கேட்டிருந்தார்: "அல்சருக்கு எழுதுற அந்த வெள்ளை சிரப், வரி குறைஞ்ச பிறகாவது கட்டுப்படியாகுதா?" 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது உண்மைதான். ஆனால் இந்த சுக்ரால்ஃபேட் சிரப்பில் காசைத் தின்பது வரி இல்லை, பாட்டில் கணக்கு. வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு 4 வேளை. 200 மில்லி பாட்டில் ஐந்தே நாளில் காலி. 4 வாரத்துக்கு 1,120 மில்லி வேண்டும், அதாவது 6 பாட்டில். சீட்டில் ஒரு பாட்டில்தான் எழுதியிருக்கும், மெடிக்கலில் ஒன்றுதான் தருவார்கள். ஐந்து நாளில் எரிச்சல் அடங்கும், ஆள் நிறுத்திவிடுவார். புண் அப்படியே இருக்கும். எத்தனை வாரம் குடிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்காமல் வெளியே வராதீர்கள்.

மருந்தைப் பற்றிச் சொன்னால் பாராட்டத்தான் வேண்டும். இரைப்பை அமிலம் பட்டதும் சுக்ரால்ஃபேட் பசை மாதிரி இறுகி, புண் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். சுமார் 6 மணி நேரம் அங்கேயே நிற்கும். ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். எரிச்சலும் சீக்கிரம் அடங்கும். ஒரே தொல்லை மலச்சிக்கல். இதில் அலுமினியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடக்கூடாது.

எரிச்சலூட்டுவது பாட்டில்தான். ஓர் இரவு நின்றாலே மருந்து அடியில் கெட்டியாகப் படிந்து, மேலே தண்ணியாக நிற்கும். நாலு குலுக்கில் அது கலங்காது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் வெள்ளைப் படிவு போகும்வரை ஆட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் குடிப்பது இனிப்புத் தண்ணீர், கடைசி நாள் குடிப்பது களி. அளவு மூடியில் ஊற்றினால் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தால்தான் அளவு சரியாகும். எந்த பிராண்டானாலும் எத்தனை மில்லியில் 1 கிராம் என்று லேபிளைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் சுகர் ஃப்ரீ கேட்டு வாங்குங்கள். ஆக்சிடகெய்ன் சேர்ந்ததும் உண்டு. அது வலியை மரத்துப்போகச் செய்யும், புண்ணை ஆற்றாது. சீட்டில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அடுத்த வம்பு நேரம். வயிறு காலியாக இருக்க வேண்டும்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். கூடவே அமிலம் குறைக்கும் பேன்டோப்ரசோல் 40 மில்லிகிராம் மாத்திரை எழுதியிருந்தால் காலையில் இரண்டும் இடிக்கும். மாத்திரையை 6 மணிக்குப் போட்டு, ஆறரைக்கு இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு, சிரப்பை எட்டரைக்கு வையுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக்கை சிரப்புக்கு 2 மணி நேரம் முன் அல்லது 6 மணி நேரம் பின் போட வேண்டும். ராத்திரியெல்லாம் விசைப்படகில் வலை இழுப்பவருக்கும், கீழக்கரையில் நோன்பு வைப்பவருக்கும் நாலு வேளை நடக்காத காரியம். 2 கிராம் வீதம் எழுந்ததும் ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை என்ற அளவும் வழக்கில் உண்டு. டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தரலாம். 1 கிராம் மாத்திரையும் இருக்கிறது. 10, 15 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், படகில் பாட்டில் உடையும் பயமில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: "பேன்டோப்ரசோல் மட்டும் போதுமா டாக்டர்?" புண்ணை ஆற்றும் முக்கிய மருந்து அதுதான். சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். சிரப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் ஆறும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. சிரப் இறுக அமிலம் வேண்டும். பேன்டோப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. பெரிய பிராண்டில் மாத்திரை ஒன்று பத்து ரூபாய் சுற்றுவட்டத்தில் வரும், மக்கள் மருந்தகத்தில் இரண்டு ரூபாய் அளவுதான். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டால் அமிலம் குறைக்கும் மருந்து காசில்லாமலே கிடைக்கும். அட்டையில் பிராண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல் வேறு மருந்து, அதை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். பேன்டோப்ரசோலை உடைக்கவோ மெல்லவோ கூடாது, மேல்பூச்சு போனால் அமிலமே மருந்தை அழித்துவிடும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்காமல், போடும்போது அட்டையிலிருந்து பிதுக்கிக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலிக்கும் தோள் வலிக்கும் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் செட் மாத்திரையை நிறுத்தாதவரை புண்ணின் தொல்லை தீராது. அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சிலதில் ஸ்டீராய்டும் இருக்கும். புண் வர மற்ற பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. அதற்கு 14 நாள் ஆன்டிபயாடிக் சேர்த்து எழுதுவார்கள், ஒரு வேளையும் விடக்கூடாது. மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போகுமுன் பேன்டோப்ரசோலை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ சிரப்பைத் தேடாமல் நேரே ராமநாதபுரம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருந்தாகப் பார்த்தால் சுக்ரால்ஃபேட்டுக்கு நல்ல மார்க் போடுவேன். பாட்டிலைச் சொந்தக் காசில் இனி வாங்க மாட்டேன். நண்பருக்கும் அதுதான் பதில்: டாக்டர் கட்டாயம் வேண்டும் என்றால் 1 கிராம் மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.