அடைப்பு எடுத்தாச்சு என்றார்கள்: மதுரையில் பார்த்த பக்கவாத சிகிச்சை, நாலு மாதம் கழித்து

எங்கள் அப்பச்சிக்கு 74 வயது, கானாடுகாத்தானில் வீடு. மார்ச் மாதம் ஒரு நாள் காலை ஆறரைக்கு ஆத்தா காபி கொடுத்திருக்கிறார், பட்டாலையில் உட்கார்ந்து வாங்கிய கையோடு டபரா சரிந்து ஆத்தங்குடிக் கல்லில் காபி ஓடுகிறது, அப்பச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். துடைக்கச் சொல்லவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது.

பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் சிடி ஸ்கேன் எடுத்து, "நார்மல், ரத்தக்கசிவு இல்லை" என்று டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். நாங்களும் அம்மானுக்குப் போன் போட்டு ஒன்றும் இல்லையாம் என்று சொல்லிவிட்டோம். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சாதா சிடியில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம், டை ஏற்றி ரத்தக்குழாயைப் பார்த்தால்தான் அடைப்பு எங்கே என்று பிடிபடும், இதெல்லாம் அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? ஒன்பது மணிக்கு ஒரு சின்ன டாக்டர் வந்து பார்த்துப் பதறி மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பில் கட்டி சீட்டு வாங்கவே அரை மணி நேரம்.

மதுரையில் இறங்கும்போது பதினொன்றே கால். குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, கால் மணியில் தவறவிட்டோம். சரி, இனி மதுரை மருத்துவமனையைப் பற்றி. பெயர் போட விரும்பவில்லை, பெரிய தனியார் மருத்துவமனை. உள்ளே நுழைந்த இருபது நிமிடத்தில் சிடியும், டை ஏற்றி ரத்தக்குழாயைப் பார்க்கும் ஆஞ்சியோவும் முடிந்தது. இடப்பக்கம் மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைத்திருக்கிறது, அங்கேதான் பேச்சும் வலது கை காலும் இருக்கின்றன என்று படத்தைக் காட்டிச் சொன்னார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மூளைக்குள் வலைபோல் விரியும் கம்பியால் கட்டியைப் பிடித்து இழுப்பார்களாம். பன்னிரண்டேகாலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஒன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்துவிட்டார். கையில் ஒரு பஞ்சுத்துணி, அதில் ஊறிய புளியிலிருந்து பிய்ந்து வந்த நார் மாதிரி ஒன்று. "சக்சஸ், ஃபுல்லா திறந்துடுச்சு" என்றார். ஆத்தா அங்கேயே பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டார்.

என் குறையே இந்த சக்சஸ் என்ற வார்த்தைதான். அவர் சொன்னது குழாயை, நாங்கள் கேட்டது அப்பச்சியை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கை அசையவில்லை, பேச்சும் இல்லை, அப்புறம் என்ன சக்சஸ் என்று டூட்டி டாக்டரிடம் சண்டைக்கே போனேன். அடைத்த நேரத்தில் செத்த மூளை திரும்ப வராது, சாகாமல் தவித்துக்கொண்டிருந்ததைத்தான் காப்பாற்ற முடியும் என்று அவர் நின்று சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். 2015-ல் வந்த ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 1,287 நோயாளிகள், சேர்த்துப் பார்த்த கணக்கு 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. கட்டியை எடுத்தவர்களில் 100-க்கு 46 பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள், எடுக்காதவர்களில் 26, 27 பேர்தான். இது பெரிய வித்தியாசம், சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேல் அந்த நிலைக்கு வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. தூங்கி எழும்போதே கை கால் விழுந்து கிடப்பவர்களுக்கும் வழி உண்டு: ஸ்கேனில் காப்பாற்ற இடமிருந்தால் 24 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று 2018-ல் வந்த ஆய்வுகள் காட்டின.

பில் ஆறு லட்சத்து இருபதாயிரம், காப்பீட்டில் பாதிதான் வந்தது. நர்ஸுகள் தங்கம். அப்பச்சியின் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, கட்டி அங்கிருந்துதான் வந்தது என்று கண்டுபிடித்து மாத்திரை போட்டதும் அவர்கள்தான். ஆனால் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பேச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டு என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஒரு மாதம் வீணாகப் போனது. வைத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து, விளக்கிச் சொல்வதற்கு ஐந்துக்கு ஒன்றரை. போகலாமா என்று கேட்டால், தயங்காமல் போங்கள், ஆனால் வழியில் எங்கேயும் டிரிப்ஸுக்குப் படுக்காமல் நேராகப் போங்கள்.

இப்போது அப்பச்சி கம்பு ஊன்றி முகப்பு வரை தானே நடக்கிறார், சட்டைப் பொத்தானுக்கு ஆள் வேண்டும். பேச்சு பாதிதான். ஐம்பது வருடம் கடைக் கணக்கு பார்த்தவர், ஏழு என்று சொல்லச் சொன்னால் வராது, ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்தால் கடகடவென்று நூறு வரை போவார். காலையில் எத்தனை பணியாரம் வைக்கட்டும் என்று ஆத்தா கேட்டால் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நாலில் நிறுத்திக்கொள்கிறார்.