தெற்குக் கரோலினா நெடுஞ்சாலையோர நினைவுப்பொருள் கடை: 2 நட்சத்திரம்

அவித்த வேர்க்கடலை அருமை, சூடும் உப்பும் சரியாக இருந்தது, 2 நட்சத்திரமும் அதற்குத்தான். மீதிக் கடை முழுக்க, கோப்பை, தொப்பி, நீச்சலுடை வரைக்கும், நீலப் பெருக்கல்குறி போட்ட சிவப்புக் கொடி. அட்டையில் 'கூட்டமைப்பின் தேசியக் கொடி' என்று வேறு. கூட்டமைப்பு என்றால் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட தென் மாநிலங்கள். இந்தக் கொடி அவர்களுடைய தளபதி லீயின் வடக்கு வர்ஜீனியப் படையின் போர்க்கொடி, தனியாக ஒருநாளும் தேசியக் கொடியாக இருந்ததில்லை. கேட்டால் 'பாரம்பரியம்தான், வெறுப்பில்லை' என்கிறார் கடைக்காரர். சரி, அவருடைய முன்னோர் யாராவது அந்தப் போரில் செத்திருக்கலாம். ஆனால் இதே மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் மேல் அது ஏறியது 1960களின் தொடக்கத்தில், கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது. வளாகத்தை விட்டே போனது 2015இல், இங்குள்ள சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் 9 பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு. அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கழிப்பறை சுத்தம்.