பாண்டி பஜார், சாந்தினி சவுக், கென்ட்: மூன்று விதமான மூடல்

கடைத்தெருவில் வண்டிகளைத் தடுத்தால் அடுத்த தெரு அடைத்துக்கொள்ளும் என்பது வியாபாரிகளின் முதல் ஆட்சேபம். அதில் பாதிதான் உண்மை. 11 நாடுகளில் 70 இடங்களை அலசி 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, சாலையில் வண்டிகளுக்கான இடம் குறைக்கப்பட்ட இடங்களில் சரிபாதியில், முன்பு அங்கே ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கும் மேல் சுற்றுத் தெருக்களிலும் தென்படவில்லை. ஆட்கள் பஸ்ஸுக்கு மாறுகிறார்கள், வரும் நேரத்தை மாற்றுகிறார்கள், சிலர் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். மிச்ச வண்டிகள் யார் தலையில் விடியும் என்பது மூடும் விதத்தைப் பொறுத்தது.

சென்னை தி.நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் தெருவை மூடவில்லை, ஒடுக்கியது. அகன்ற நடைபாதை, பெஞ்சுகள், நடுவே வழக்கம்போல் வண்டிகள். கடந்துபோகிறவருக்கு வழி மிஞ்சியதால் திசைமாறும் நெரிசல் குறைவு. தொல்லை நிறுத்துமிடத்தில்தான்: பக்கத்துத் தெருவில் யாருடைய வீட்டு கேட்டையோ மறித்து நிற்கும் பைக், உரிமையாளர் ஜவுளிக்கடையில். யாருக்கும் வலிக்காத ஏற்பாடு. பலனும் அந்த அளவுக்குத்தான்.

டெல்லி சாந்தினி சவுக் துணிச்சலானது. 2021 செப்டம்பரில் திறக்கப்பட்ட செங்கோட்டை-ஃபதேபூரி மசூதி இடையிலான 1.3 கிலோமீட்டரில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. சைக்கிள் ரிக்‌ஷா ஓடலாம். சரக்கு லாரிகள் இரவுக்கு ஒதுங்கவேண்டும். மொத்த வியாபாரம் நடக்கும் தெருவில் இது லேசான காரியமல்ல. கூட்டத்தை மெட்ரோ தாங்குகிறது. ஆனால் சுற்றிப்போகும் வண்டிகளுக்கு வடக்கே இருப்பது பழைய டெல்லி ரயில் நிலையத்தை ஒட்டிய சியாமா பிரசாத் முகர்ஜி சாலை. அது ஏற்கெனவே பிதுங்குகிறது. காவலர் முகம் திருப்பினால் சந்துக்குள்ளிருந்து பைக்குகள் நுழைந்துவிடுவது வேறு கதை.

நெரிசலை வேரில் பிடித்தது பெல்ஜியத்தின் கென்ட். 2017 ஏப்ரலில் வண்டியில்லாத மையத்தைச் சுற்றி நகரை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போகமுடியாது. வெளியே வந்து சுற்றுச்சாலை வழியாகத்தான் மறுபடி நுழையவேண்டும். சைக்கிளுக்கும் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் நேர்வழி உண்டு. மையத்துக்கு வெளியே எல்லாக் கடைக்கும் காரில் போய்ச் சேரலாம், ஊரைக் குறுக்கே வெட்டிப்போக மட்டும் முடியாது. ஆகவே பக்கத்துத் தெருவுக்கு நெரிசலைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற புகாருக்கு இங்கே இடம் குறைவு.

அதைத் தி.நகருக்கு அப்படியே கொண்டுவரலாமா? எனக்கு நம்பிக்கையில்லை. கென்ட்டின் திட்டம் சுற்றுச்சாலையை நம்பி நிற்கிறது; தி.நகருக்கு மேற்கே ரயில் பாதை மறிக்கிறது. மேற்கு மாம்பலம் போக துரைசாமி சுரங்கப்பாதை போன்ற சில வாய்கள்தான் உண்டு, அவையும் மழை வந்தால் நீரில் மூழ்கும். பனகல் பூங்காவுக்குக் கீழே அமையும் மெட்ரோ நிலையம் ஓடத் தொடங்கியதும், சாந்தினி சவுக் போல் பகல் நேரத் தடையைப் பாண்டி பஜாரில் கொண்டுவரலாம். பஸ்ஸுக்கு மட்டும் விலக்கு வேண்டும். பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் கட்டண நிறுத்தத்தையும் அதே நாளில் தொடங்கவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பைக் மறித்து நிற்கும் அந்த வீட்டு கேட்டுகளுக்கு விடிவு வராது.