நாள் கூலி, லேபர் காண்ட்ராக்ட், மொத்த காண்ட்ராக்ட்: சடையங்குப்பத்தில் மூன்று கட்டடம்

சடையங்குப்பம் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. வரி ரசீதில் மணலி மண்டலம் என்று போட்டிருக்கும். மற்றபடி ஊர் ஊராகத்தான் இருக்கிறது. ஓட்டு வீடு, வாசலில் மாடு, மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, அப்பா கட்டிய இரண்டு அறை வீட்டுக்குள் முட்டி வரைக்கும் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகுதான், பழைய வீட்டைத் தொடாமல், பக்கத்தில் தெருவை விட மூன்றடி உயரத்தில் ஒரு கூடம் எடுப்பது என்று முடிவானது.

2024 ஆவணியில் கூடம். அது நாள் கூலி. அடுத்த வருடம் வைகாசியில் சமையலறையும் குளியலறையும். அது லேபர் காண்ட்ராக்ட். நடுவில் பின்தெருவில் சித்தப்பா தன் வீட்டை இடித்துவிட்டு, மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடி ரேட் பேசி மொத்தமாகக் கொடுத்தார். மூன்றையும் கூடவே இருந்து பார்த்ததால் கேட்கிறவர்கள் நிறைய. எது லாபம் என்பார்கள். நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

ரூபாய்க் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. ரேட் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாறுகிறது. செங்கல், சிமெண்ட் மூட்டை, நாள் இவற்றின் கணக்கு மாறாது.

நாள் கூலி என்றால் கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு, சனிக்கிழமை சாயந்திரம் கையில். பொருள் எல்லாம் நம் தலையில். 9 அங்குலச் சுவர் பத்துக்குப் பத்து எடுக்கச் சுமார் 1,000 கல் பிடிக்கும். ஒரு கொத்தனார், கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால், நாளைக்கு 500, 600 கல் வைப்பார். எங்கள் கொத்தனார் 400 தாண்டினால் அன்றைக்கு நல்ல நாள். கூடத்துக்கு 4,500 கல்; சுவருக்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. பத்தரைக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு மறுபடியும் டீ. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கல் வைக்கிற விதத்தை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கல்லை டிரம்மில் ஊறப்போட்டு எடுக்கிறார். பக்கவாட்டில் கலவையை அப்பிவிட்டுத்தான் பக்கத்துக் கல்லோடு சேர்த்து அழுத்துகிறார். இரண்டு கல்லுக்கு நடுவில் செங்குத்தாக வருகிற சந்தில் கலவை நிரம்பவில்லை என்றால் கரண்டி நுனியால் குத்தி இறக்குகிறார். நாலு வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு. பூச்சு வந்துவிட்டால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது.

நாள் கூலியில் நம் கையில் இருக்கிற இன்னொரு விஷயம் தண்ணீர். மணலி, மீஞ்சூர்ப் பக்கம் போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்ட பூமி இது. கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. அதற்கு மேல் போனால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, ஊதி, காரையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். அப்பா காலத்துக் குளியலறையின் மேல்தளம் அப்படித்தான். குளிக்கிறபோது தலையில் துண்டு துண்டாக விழும். அதனால் இந்தத் தடவை லாரித் தண்ணீர் வாங்கி டிரம்மில் நிரப்பி வைத்தோம். வேலை செய்கிறவர்களுக்கு டிரம்மில் மொண்டு ஊற்றுவதைவிட போர் குழாயைத் திறந்து பிடிப்பது சுலபம். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார் அம்மா. மூன்றாவது நாள் காலையில் மோட்டாருடைய ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

கொத்தனார் சிரித்துக்கொண்டே, "யம்மா, எங்க மேல நம்பிக்கையே இல்லியா?" என்றார்.

"உன் மேல இருக்குப்பா. கொழா மேலதான் இல்ல" என்றார் அம்மா.

சிமெண்ட் மூட்டை பிரிக்கப் பிரிக்கப் பழைய வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டதும் அம்மாதான். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே அடிப்பார். நான் தண்டையார்பேட்டை வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிற ஆள். அம்மா இல்லாமல் நாள் கூலி எங்களுக்குச் சாத்தியமே இல்லை.

லேபர் காண்ட்ராக்ட் வேறு கதை. பொருள் நம்முடையது, கூலி மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசிவிடுவது. நாள் எத்தனை ஆனாலும் நமக்கு ஒரே தொகை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேஸ்திரிக்கு ஒவ்வொரு நாளும் செலவு. அதனால் எல்லாம் ஓட்டம்தான். அதே அளவு ஆளை வைத்துக்கொண்டு ஒரு கொத்தனார் 800 கல் வைத்தார். நான் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்து பார்த்தால், எதிர்ப்பக்கம் போகிற பூனை செங்குத்துச் சந்து வழியாகத் தெரிகிறது. கொஞ்சம் மிகைதான், ஆனால் வெளிச்சம் நிஜமாகவே தெரிந்தது. கல்லை ஊறவைக்கவும் இல்லை. காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. பொருள் நம்முடையது என்பதால் வீணாவதைப் பற்றியும் கவலை கிடையாது. சாயந்திரம் மிஞ்சின கலவையை மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஓட்டப் பார்த்தார்கள்.

பணம் கொடுக்கிற கட்டம்தான் இதில் நாம் ஏமாறுகிற இடம். கடைக்கால் முடிந்ததும் ஒன்று, கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டலுக்கு ஒன்று, மேல்தளம் போட்டதும் ஒன்று, பூச்சுக்கு ஒன்று என்று பிரித்துத் தருவது வழக்கம். தளம் போட்ட அன்றைக்கு எல்லாரும் சந்தோஷத்தில் இருப்போம், பிரியாணி வேறு. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி கேட்டார், முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டேன். ஆடி பிறந்ததும் அவருடைய ஆட்கள் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு என்று திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்குப் போனார்கள். போகட்டும், வருடத்துக்கு ஒருமுறை வருகிற திருவிழா. ஆனால் பத்து நாள் என்றது ஒரு மாதத்துக்கு மேல் போனது. அதற்குள் மேஸ்திரி மாதவரத்தில் வேறு சைட் பிடித்துவிட்டார். வேலையில் பாக்கி இருப்பதைவிடப் பணத்தில் பாக்கி அதிகமாக இருந்தால்தான் மேஸ்திரி திரும்பி வருவார். இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டது நான்தான்.

அப்புறம் முட்டு பிரிக்கிற தகராறு. தளத்தைத் தாங்கக் கீழே அடிக்கிற சென்ட்ரிங் தகடும் முட்டும் நாள் வாடகை; மேஸ்திரி ஆறாவது நாளே பிரிக்கலாம் என்றார். பதினைந்து அடிக்கு உட்பட்ட அகலம் என்றாலும் தளத்துக்குக் கீழே முட்டு குறைந்தது ஏழு நாள் நிற்கவேண்டும். நாங்கள் பதினான்கு நாள் விட்டோம். கூடுதல் வாடகையை நானே கட்டினேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாள் கூலிதான் ஒரே வழி என்று நினைத்துவிட வேண்டாம். கான்கிரீட் என்று வரும்போது எங்கள் கூடம் சித்தப்பா வீட்டிடம் தோற்றது. கடலோரக் காற்று படுகிற இடத்தில் கம்பி போட்ட கான்கிரீட் எம்-30 என்கிற வலுத் தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதே ஐ.எஸ். 456. சைட்டில் சட்டிக் கணக்கில் கலக்குவதற்கு எம்-20 வரைதான் அது ஒத்துக்கொள்கிறது. அதாவது சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. கூடத்தின் தளம் ஏறக்குறைய 200 சதுர அடி, 5 அங்குல கனம். அந்தக் கணக்கில் 20 மூட்டை போதும். நாங்கள் மனசு கேட்காமல் 24 போட்டோம். மூட்டை கூடினால் எம்-30 ஆகிவிடாது என்று தெரியும். எங்கள் சந்துக்குள், ஆலையிலேயே கலந்து வருகிற ரெடிமிக்ஸ் லாரி வராது. சித்தப்பா வீடு ரோட்டோரம்; காண்ட்ராக்டர் லாரியை நிறுத்தி, பம்பு வைத்து, எம்-30-ஐ இரண்டு மணி நேரத்தில் ஊற்றிவிட்டுப் போனார். கம்பி தகட்டில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக், கம்பிக்கு அடியில் வரிசையாக இருந்ததை நானே பார்த்தேன். எங்கள் வீட்டில் பிளாக் வாங்கி வைத்தும், கம்பி கட்ட வந்தவர் ஜல்லியைத்தான் முட்டுக் கொடுத்தார். இறங்கி நின்று மாற்ற வைக்கவேண்டியதாயிற்று.

பழையதோடு புதியதை ஒட்டுகிற இடத்திலும் இன்ஜினியர் இருப்பது தெரிந்தது. எங்கள் கொத்தனார் பழைய சுவரில் கல்லைப் பெயர்த்து, பல் விட்டுப் புதுச் சுவரைக் கோத்துவிடலாம் என்றார். சித்தப்பாவுக்கு வரைபடம் போட வந்த இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். களிமண், மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அப்பா கட்டிய கடைக்கால் இத்தனை வருடத்தில் அமர்ந்து முடித்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். கோத்துவிட்டால் இறங்குகிறபோது பழையதையும் கிழித்துக்கொண்டு போகும் என்றார். கூடத்துக்குத் தனி பில்லர், தனி கடைக்கால், இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு அங்குலம் தெர்மாகோல். மேலே தண்ணீர் இறங்காமல் தகடு. அந்த இடைவெளியில் இன்றைக்கு எறும்பு குடியிருக்கிறது, விரிசல் இல்லை.

மொத்த காண்ட்ராக்டில் சித்தப்பாவுக்கு அலைச்சல் குறைவு. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். அதைக் காண்ட்ராக்டரே பார்த்துக்கொண்டார். ஆனால் ஒப்பந்தத் தாளில் எழுதாதது எல்லாமே "எக்ஸ்ட்ரா". கைப்பிடிச் சுவர் எக்ஸ்ட்ரா, செப்டிக் டேங்க் எக்ஸ்ட்ரா, சமையலறை மேடைக்குக் கீழே தட்டு எக்ஸ்ட்ரா. 'முதல் தரக் கல்' என்று மட்டும் எழுதியிருந்தது. வந்தது நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல்.

அந்தக் கல்லை நான் குறை சொல்லமாட்டேன். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சாம்பல் எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ப் படிவதைவிடச் சுவரில் உட்காரட்டும். அளவு ஒரே சீராக இருப்பதால் கலவையும் பூச்சும் குறைவாகப் பிடிக்கும். சூளையில் சுட்ட சேம்பர் கல்லைப் போல ஊறவைக்கவும் வேண்டாம், தெளித்தால் போதும். ஆனால் கல் அறுக்கிற இடத்தில் சரியாகத் தண்ணீர் காட்டாமல் அனுப்பினால் மூலை உதிரும். எந்தக் கல்லானாலும் காய்ந்தபடி ஒரு தரம், ஒரு ராத்திரி ஊறப்போட்டு ஒரு தரம் மளிகைக்கடைத் தராசில் நிறுக்கலாம். மூன்று கிலோக் கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் லோடைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான். சித்தப்பாவின் கல் 450 குடித்தது. பாஸ்.

பகல் முழுக்க நிற்க ஒருத்தர் இருந்தால் நான் நாள் கூலிதான் சொல்வேன். தளத்துக்கு மட்டும், லாரி வருகிற தெருவாக இருந்தால், ரெடிமிக்ஸ். யாருமே இல்லை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் மொத்தம், ஆனால் கல், கம்பி, சிமெண்ட் என்ன பிராண்ட் என்பது வரை தாளில் எழுதி வாங்கிக்கொண்டு. லேபர் காண்ட்ராக்ட் அரைகுறையாக நிற்க ஆள் இருக்கிறவர்களுக்கு. அதில்தான் எனக்குத் தலைவலி அதிகம்.

எங்களுக்கு இன்னும் மாடிப்படி பாக்கி. கொத்தனார் கூப்பிட்ட நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தை மாதம் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். ஒரு மாதம் தூசியில் நிற்கக்கூடாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் முடிகிற மாதிரி இருந்தால் நாள் கூலி; இல்லையென்றால் பங்குனி வரைக்கும் மரஏணிதான்.