பேட்மேனா ஸ்பைடர்மேனா, மாசாமாசம் எதுக்குக் காசு போட்டேன்?

ரெண்டு காமிக்ஸையும் முதல் இதழ்லருந்து போன்லயே காசு குடுத்து வாங்கிப் படிச்சேன், முக்காவாசி திருமங்கலம் பஸ்ல. ஒண்ணுக்குத்தான் மாசாமாசம் காசுன்னு வீட்ல கறாரா சொல்லிட்டாக. நான் எடுத்தது மார்வெல் கம்பெனியோட அல்டிமேட் ஸ்பைடர்மேன்.

டிசி கம்பெனியோட அப்சல்யூட் பேட்மேன் ஒண்ணும் மட்டமில்ல. 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் ட்ரகோட்டா படம். இதுல பேட்மேனா வர்ற புரூஸ் பணக்காரன் இல்ல, என்ஜினியரு, அம்மாவும் உசுரோட இருக்காக. நெஞ்சுல இருக்குற வவ்வால் சின்னத்தக் கழட்டுனா கோடாலி! அந்தப் பக்கத்துல எறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுட்டேன். ஆனா சண்ட சூடு ஏறுறப்ப இதழ் முடிஞ்சிருது, அடுத்தது வர்றதுக்குள்ள யாரு யார எதுக்கு அடிச்சான்னே மறந்து போகுது. முதல் ஆறு இதழ்தான் படிச்சேன், அதுக்கு மேல எப்படின்னு என்னக் கேக்காதீங்க. அந்த ஆறையும் ஒரே ராத்திரில திருப்பிப் படிச்சப்ப செம, அதனால இத தொகுப்பா வாங்குறதுதான் சரி.

அல்டிமேட் ஸ்பைடர்மேன் 2024 ஜனவரில வந்துச்சு, ஜொனாதன் ஹிக்மேன் எழுத்து, மார்கோ செக்கெட்டோ படம். ஸ்பைடர்மேனா ஆகுற பீட்டருக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைக, முப்பது வயசத் தாண்டித்தான் சிலந்தி கடிக்கிது. சண்ட கம்மி, நாலாவது இதழ்ல பாதிக்கு மேல ரெண்டு ஜோடி சாப்பிட்டுக்கிட்டே பேசுதுக, எனக்கே கொஞ்சம் கொட்டாவி வந்துச்சு.

ஆனாலும் ஏன் இதுன்னா, இங்க நமக்கு ஒரு மாசம் ஓடுனா கதைக்குள்ளயும் ஒரு மாசம் ஓடிருக்கும். போன இதழ்ல பாதில விட்ட சண்டைலருந்து தொடங்காது, நடுவுல அவன் வேலைக்குப் போயிருப்பான், புள்ளைகளப் பாத்துருப்பான், சொந்தக்காரவுக வீட்டுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் போனா 'அப்பறம் என்ன சேதி'ன்னு ஆரம்பிப்போம்ல, அப்படி இருக்கும். சிவகாசிலருந்து வர்ற முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸுக்குத் தபால்காரர் சைக்கிளப் பாத்துக்கிட்டு கெடந்தவன் நான், காத்திருக்குறதுல்லாம் பழக்கந்தான். இதுல காத்திருந்த மாசம் வீணாப் போன மாதிரி தெரியல.

பீட்டர் மொதல்ல கறுப்பு டிரெஸ்தான் போடுறான், மக பயமா இருக்குன்னதும் செவப்பு நீலமா மாத்துறான். அத என் மகளுக்குக் காட்டிட்டேன், என் தப்புதான். இப்ப அவளுக்கும் அதே டிரெஸ் வேணுமாம். மதுரைல புதுமண்டபத்துலருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுன டைலர், சித்திரைல அழகருக்கு வேசம் கட்டுறவுகளுக்குத் தைக்கிறவரு, போன்ல படத்த ரெண்டு வெரலால பெருசாக்கிப் பாத்துட்டு, "அளவுச் சட்ட கொண்டாந்தீங்களா தம்பி"ன்னாரு.