ஸ்க்ரீம் வோக்கல்: டைனமிக்கா கண்டென்சரா, 1176-ஆ எல்ஏ-2ஏ-வா?

மெட்டல், ஹார்ட்கோர் பாட்டுக்கு ஸ்க்ரீம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு விஷயம். சாதாரணமாகப் பாடும் குரலை நாம்தான் மிக்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்குகிறோம்: கம்ப்ரஸ் செய்கிறோம் (சத்தமான இடத்தை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) சேர்க்கிறோம். ஸ்க்ரீம் அந்த வேலையில் பாதியைத் தொண்டையிலேயே முடித்துக்கொண்டு வருகிறது. டிஸ்டார்ஷன் ஏற்கெனவே உண்டு. சத்தத்தில் ஏற்ற இறக்கம் குறைவு. சுருதி என்று பிடித்துக்கொள்ளவும் பெரிதாக எதுவும் கிடையாது. அதனால் இங்கே வரும் ஒவ்வொரு ஜோடியையும் (இரண்டு வகை மைக், 1176, எல்ஏ-2ஏ என்ற இரண்டு கம்ப்ரஸர், இன்னும் சில) நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: இது சொல்லைக் காப்பாற்றுகிறதா, இல்லை இருக்கிற கரகரப்பின் மேலேயே இன்னொரு பூச்சு பூசுகிறதா?

முதலில் குரல் எந்த வகை

மைக் சண்டைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். ஃப்ரை ஸ்க்ரீம் குறைந்த காற்றில், இறுக்கிப் பிடித்து எடுப்பது. மெல்லியதாக, உச்சியில் கூராக வரும். ஸ்பீக்கரில் கேட்டால் வீடு இடிகிற மாதிரி இருக்கும்; பக்கத்தில் நின்று கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஃபால்ஸ் கார்ட் என்பது குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளையும் சேர்த்து அதிரவிடுவது. காற்று நிறையப் போகும், சத்தமும் அதிகம், 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் சதை கூடியிருக்கும்.

இரண்டுக்கும் ஒரே செட்டிங்கை வைத்துக்கொண்டு "என் மைக் சரியில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஒரே பாட்டில் இரண்டும் வந்தால் இரண்டையும் தனித்தனி ட்ராக்கில் எடுத்துவிடுங்கள். ப்ரீஆம்ப் கெயினே (மைக் சிக்னலைத் தூக்கும் அளவு) வேறாக வைக்க வேண்டியிருக்கும், மிக்ஸில் ஈக்யூவும் (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்குவது) வேறு.

டைனமிக், கண்டென்சர்

கண்டென்சர் என்பது நுணுக்கமாகக் கேட்கும் மைக்; டைனமிக்குக்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை, ஆனால் முரட்டு மைக். கண்டென்சர் பக்கத்தில் எல்லோரும் கைகாட்டுவது நாய்மன் யு87. அதன் இப்போதைய வடிவமான 'யு87 ஏஐ' மாடல் கார்டியாய்டில் (முன்பக்கத்தை மட்டும் முக்கியமாகக் கேட்கும் முறை) 117 டெசிபெல் வரை சுத்தமாகத் தாங்கும். மைக்கிலேயே உள்ள, சத்தத்தைக் குறைத்து வாங்கும் பேட் சுவிட்சைப் போட்டால் 127. கேட்க நிறைய மாதிரிதான் இருக்கும். ஆனால் ஃபால்ஸ் கார்டில் ஒருவர் வாயை ஒட்டிவைத்து அலறினால் 117-ஐத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. அந்த இடத்தில் மைக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே உடைய ஆரம்பிக்கும். அது நாம் விரும்பும் டிஸ்டார்ஷன் அல்ல. அப்புறம் எச்சில். கண்டென்சர் கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகாது; பாப் ஃபில்டர் இல்லாமல் ஸ்க்ரீமர் முன்னால் அதை வைப்பது பணத்தை நனைப்பதுதான். ஒரு முப்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொன்னால் இரண்டு பிரச்சினையும் தீரும். ஆனால் அப்போது அறையும் சேர்ந்து பதிவாகிவிடும். மெத்தை, கம்பளம் என்று எதுவும் இல்லாத அறையில் அந்த எதிரொலி கம்ப்ரஸரில் போய் இரண்டு மடங்காகித் திரும்பும்.

டைனமிக் பக்கத்தில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 மைக்கில் வாயை ஒட்டினாலும் பாஸ் வீங்காது. அதன் அமைப்பே அப்படி. கீழ்ப்பகுதி கனமாக வரும், தாழ்வாக உறுமும் க்ரௌலர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் வாயை ஒட்டும்போது கிடைக்கும் அந்தப் பருமன்தான் பலருக்கு வேண்டும். அவர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

மற்ற இரண்டும் ஷூர்: 1966-இல் வந்த எஸ்எம்58, 1973-இல் வந்த எஸ்எம்7-இன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி. எல்லோரும் எஸ்எம்7பி வாங்கச் சொல்கிறார்கள். நல்ல மைக்தான். 58-ஐ விட உச்சி மென்மை, பின்னால் பாஸைக் குறைக்கவும் மிட்ஸைத் (நடு அதிர்வெண்களை) தூக்கவும் சுவிட்சுகள், பெரிய ஃபோம். ஆனால் வெளியீடு குறைவு. 58-ஐ விடச் சுமார் 4.5 டெசிபெல் கம்மி. சத்தமாகப் பாடும் ஃபால்ஸ் கார்ட் குரலுக்கு இது பொருட்டே இல்லை. ஃப்ரை ஸ்க்ரீமர் விஷயத்தில்தான் இடிக்கும்: அறையில் அவர் குரல் சின்னது, ப்ரீஆம்பை 60 டெசிபெல் வரை திருக வேண்டியிருக்கும், விலை குறைந்த இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) அந்த உயரத்தில் இரைய ஆரம்பிக்கும். 2023-இல் வந்த எஸ்எம்7டிபி உள்ளேயே 18 அல்லது 28 டெசிபெல் தூக்கிக் கொடுப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

என் தீர்ப்பு இது. அறை சுமார் என்றால் டைனமிக், மறு பேச்சே இல்லை. ஃபால்ஸ் கார்ட் குரல் எஸ்எம்7பி-யில் நன்றாக உட்காரும். மெல்லிய, உயரமான ஃப்ரை குரலுக்கு, நல்ல அறையும் பாப் ஃபில்டரும் இருந்தால், கண்டென்சரையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். டைனமிக்கில் மங்கிப்போகும் மெய்யெழுத்துகள் அதில் பளிச்சென்று வரும். பெரும்பாலானோருக்கு 58 போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஸ்டாண்டா, கையிலா

டைனமிக்கா கண்டென்சரா என்பதை விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஸ்க்ரீம் என்பது தொண்டை வேலை மட்டும் கிடையாது. வயிறு, விலா, தோள், முழங்கால் எல்லாம் சேர்ந்தது. ஸ்டாண்டுக்கு முன்னால் கையைத் தொங்கப்போட்டு ஆடாமல் நிற்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேடையில் வரும் குரல் வரவே வராது. கையில் மைக்கைக் கொடுங்கள், குனிவார்கள், மடங்குவார்கள், ஆனால் மைக் வாயோடு சேர்ந்தே போகும். அதாவது ஸ்டாண்டை விடக் கையில்தான் தூரம் சீராக இருக்கும். 298 கிராம் எடையுள்ள 58-ஐ நாள் முழுக்கப் பிடிக்கலாம். எஸ்எம்7பி 765 கிராம், அதுவும் பிடிப்பதற்காகச் செய்ததல்ல.

கையில் பிடிப்பதன் விலை: உடம்பு அதிர்வு, கேபிள் உரசல். பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும், ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ்ப்பகுதியை வெட்டுவது) போட்டால் போய்விடும். இன்னொரு விலை, மைக் தலையை உள்ளங்கையால் பொத்துவது. கேப்ஸ்யூலுக்குப் பின்னால் இருக்கும் துவாரங்கள் அடைபட்டால் கார்டியாய்டு தன் திசையை இழக்கும், பாஸ் மெலியும், நடு மிட்ஸ் மூக்கடைத்த மாதிரி துருத்தும். மேடையில் ஃபீட்பேக் வருவதும் இதனால்தான். டெத் மெட்டல் பாடகர்கள் சிலர் அந்தத் தொனிக்காகவே வேண்டுமென்று பொத்துகிறார்கள். வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் பாட்டு முழுக்க ஒரே மாதிரி. ஒரு வரியில் பொத்தி அடுத்த வரியில் விட்டால் எந்த ஈக்யூவும் அதைச் சேர்த்து ஒட்டாது.

ஹெட்ஃபோன் போட்டால் ஸ்க்ரீம் வராது என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்பீக்கர் முன்னாலேயே எடுக்கலாம். நல்ல டேக் கிடைத்ததும், மைக்கும் ஸ்பீக்கரும் ஆளும் அதே இடத்தில் இருக்க, வாயைத் திறக்காமல் அதே பாட்டை இன்னொரு முறை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த இரண்டாவது ட்ராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப்போட்டு (அலையின் ஏற்றத்தை இறக்கமாக, இறக்கத்தை ஏற்றமாக மாற்றி) கலந்தால் கசிந்த இசையில் பெரும்பகுதி கழிந்துவிடும். மைக் கையில் இருந்தால் இந்த வித்தை செல்லாது, அசையாமல் இருந்தால்தான்.

1176, எல்ஏ-2ஏ

இரண்டும் 1960-களின் கம்ப்ரஸர்கள். இன்று கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் இவற்றின் ப்ளகின் (சாஃப்ட்வேர்) நகலை விற்கிறது. 1176 வேகம்: அட்டாக் (சத்தம் கூடியதும் அமுக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோசெகண்டு, அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டுக்குள். எல்ஏ-2ஏ-வின் அட்டாக் சுமார் 10 மில்லிசெகண்டு. ஆனால் ஸ்க்ரீமில் வித்தியாசம் தெரிவது அட்டாக்கில் அல்ல, ரிலீஸில், அதாவது அமுக்கியதை விட எடுக்கும் நேரத்தில்.

எல்ஏ-2ஏ-வுக்குள் ஒரு விளக்கும், ஒளி பட்டால் மின்தடை மாறும் ஒரு செல்லும் இருக்கின்றன. ஒளி எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் பட்டதோ அந்த அளவுக்கு அது மீண்டு வரவும் நேரமெடுக்கும். பாதி தூரம் 60 மில்லிசெகண்டில் திரும்பிவிடும்; மீதிக்கு ஒன்று முதல் பதினைந்து விநாடி வரை ஆகலாம். மெதுவாகப் பாடும் குரலில் இதுதான் அழகு. ஸ்க்ரீமில் என்ன ஆகும்? பாடகர் நான்கு விநாடி நீட்டி அலறுகிறார், முடித்த கையோடு மூன்று குட்டிச் சொற்களைத் துப்புகிறார். செல் இன்னும் மீளவில்லை. அந்த மூன்று சொல்லும் அமுங்கி, கிட்டாருக்கு அடியில் போய்விடும். பாட்டு வரி புரியவில்லை என்று டிரம்மரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

1176-இன் ரிலீஸ் 50 மில்லிசெகண்டு வரை இறங்கும். அமுக்கும் விகிதம் 4, ரிலீஸ் முழு வேகம், அட்டாக் நடுவாந்தரம், மீட்டர் 7 முதல் 10 டெசிபெல் வரை ஆடட்டும். சொல்லுக்குச் சொல் அது விட்டு விட்டுப் பிடிக்கும், ஒவ்வொரு சொல்லின் வால் கரகரப்பும் மேலே வரும். (அதன் அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ்: வலது பக்கம் திருப்பினால்தான் வேகம். ப்ளகின் நகல்கள் பலவும் இதை அப்படியே வைத்திருக்கின்றன.) கூடவே மூச்சும் மேலே வரும், அதுதான் தொல்லை. கம்ப்ரஸருக்கு முன்னாலேயே மூச்சுகளின் க்ளிப் கெயினை (பதிவான அந்தத் துண்டின் சத்த அளவை) கையால் ஆறேழு டெசிபெல் இறக்கிவிடுங்கள். முழுக்க வெட்டாதீர்கள், பிரேக்டவுனுக்கு (பாட்டு வேகம் குறைந்து கனமாக இறங்கும் இடம்) முந்தைய அந்த ஒரு மூச்சு இல்லையென்றால் அடுத்து வரும் அலறலுக்கு வேகமே இருக்காது.

ஒன்றுதான் என்றால் 1176. இரண்டும் இருந்தால் 1176-க்குப் பின்னால் எல்ஏ-2ஏ, இரண்டு மூன்று டெசிபெலுக்கு மேல் வேலை கொடுக்காமல்.

குத்தும் இடம்: நிரந்தர வெட்டா, டைனமிக் ஈக்யூவா

2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை காதுக்கு மிகவும் கூர்மையான பகுதி. ஸ்க்ரீம் குத்துவதும் அங்கேதான், சொல் புரிவதும் அங்கேதான். 3 கிலோஹெர்ட்ஸில் நான்கு டெசிபெல் நிரந்தரமாக வெட்டினால் குத்தல் போகும், கூடவே மெய்யெழுத்தும் போகும். குத்தல் எப்போதும் இருப்பதில்லை என்பதைக் கவனித்தால் வழி தெரியும்: "ஈ", "ஏ" என்று வாய் விரியும்போது அந்தப் பகுதி பொங்கும், "ஊ", "ஓ" வரும்போது அடங்கிக் கிடக்கும். டைனமிக் ஈக்யூ அல்லது மல்டிபேண்ட் கம்ப்ரஸர் பொங்கும்போது மட்டும் பிடித்து, அடங்கும்போது விட்டுவிடும். இந்த ஜோடியில் போட்டியே இல்லை, டைனமிக் ஈக்யூதான். நிரந்தர ஈக்யூவுக்கு வேலை கீழே இருக்கிறது: 120 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹை-பாஸ், ஃபால்ஸ் கார்ட் என்றால் 300 வாக்கில் கொஞ்சம் குறைப்பு.

ஓக்சவுண்ட் கம்பெனியின் சூத் மாதிரியான தானியங்கி ப்ளகின்கள் இதையே தாமாகத் தேடிச் செய்யும். வசதிதான், ஆனால் ஸ்க்ரீம் முழுக்கவே இரைச்சல் என்பதால் அதிகம் திருகினால் எதை விட வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் வழித்துவிடும். பல் பிடுங்கின பாம்பு மாதிரி ஒரு ஸ்க்ரீம் கிடைக்கும். அதை விட, ரெக்கார்டிங்கிலேயே "ஈ"-யைக் கொஞ்சம் "எ" பக்கம் சாய்த்துப் பாடச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

டபுள் டிராக், டிஸ்டார்ஷன், இடம்

பாட்டு முழுக்க டபுள் போடுவதை (அதே வரியை இன்னொரு முறை பாடிச் சேர்ப்பது) நான் ஆதரிக்கவில்லை. சுருதிக் குரலில் இரண்டு டேக் சேர்ந்தால் ஒரு பெரிய குரல் கிடைக்கும். ஸ்க்ரீமில் இரண்டு இரைச்சல் சேர்ந்து மெய்யெழுத்துகள் கலங்கிப்போகும். வரியின் கடைசிச் சொல், கோரஸின் முதல் சொல் என்று குத்து விழ வேண்டிய இடங்களில் மட்டும் போடுங்கள். அதே குரலையே மறுபடி எடுப்பதை விட, நடுவில் ஃப்ரை, அதற்கு அடியில் சத்தம் குறைத்து ஒரு தாழ்ந்த க்ரௌல் என்று வேறு வேறு வகையை அடுக்கினால் பருமனும் கிடைக்கும், சொல்லும் பிழைக்கும்.

டிஸ்டார்ஷன் ப்ளகினை நேராகக் குரல் மேல் போடுவதா, இணையாகத் தனி பஸ்ஸில் (தனிப் பாதையில்) வைத்துக் கலப்பதா? இணையாகத்தான். அந்த பஸ்ஸில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டு, தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும் அளவுக்கு உடைத்து, ஃபேடரை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ம்யூட் போட்டால் மட்டும் தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

ரிவெர்பா (அறை முழக்கம்) டிலேயா (எதிரொலி) என்பதை இசைவகையே சொல்லிவிடும். பிளாக் மெட்டலுக்கு நீண்ட ரிவெர்ப், குரல் தூரத்தில் போனால்தான் அந்த இசை. ஹார்ட்கோருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். நடுவில் இருக்கிற எல்லாவற்றுக்கும் 80 முதல் 120 மில்லிசெகண்டு வரை ஒரு ஒற்றை டிலே, உச்சியும் அடியும் வெட்டி, குரலுக்கு ரொம்பக் கீழே. ரிவெர்ப் போட்டே ஆக வேண்டும் என்றால் டிலே மாதிரியே குரல் முடிந்த பிறகு எழும்படி, கம்ப்ரஸரின் சைட்செயினில் (எப்போது அமுக்க வேண்டும் என்று வேறொரு ட்ராக் சொல்லும் வழி) குரலைக் கொடுத்து ரிவெர்பை அமுக்குங்கள்.

கிட்டாருக்கும் குரலுக்கும் இடையே சண்டை இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் குரல் ஃபேடரைத் தொடாதீர்கள். கிட்டார் பஸ்ஸில் 2 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு டைனமிக் ஈக்யூவைப் போட்டு, குரல் வரும்போது மட்டும் ஒன்றரை, இரண்டு டெசிபெல் இறங்கும்படி அதையும் சைட்செயினில் கட்டுங்கள். மாஸ்டரிங்குக்கு (கடைசி மெருகேற்றலுக்கு) அனுப்பும்போது குரல் ஒரு டெசிபெல் கூடுதலாக இன்னொரு மிக்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். லிமிட்டரில் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்குவது) போய் இறுகியதும் குரலும் கிட்டாரும் நிற்கும் நிலை மாறும், அப்போது இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.